எட்டாவது கல்

மரக்காணம் உப்பளத்துக்குள் போகும் மண்பாதையில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கரையோரம், ஏழு கன்னிமார் நிற்கிறார்கள். முழங்கால் உயரம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆளுக்கொரு சிவப்புத் துணி சுற்றியிருக்கும். இப்போது மேலே தகரக் கொட்டகையும் போட்டுவிட்டார்கள். போன மாதம் லாரியில் உப்பு ஏற்ற அந்தப் பக்கம் போயிருந்தேன். கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவர், "தானா வந்து நின்ன கன்னிங்கப்பா. யாரும் செய்யல" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். அந்த ஏழு பேரையும் சிமெண்ட், மணல், ஜல்லி போட்டுக் கலக்கி அச்சில் ஊற்றியவன் நான். ஊற்றச் சொன்னவர் ஒரு மேடம்.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டால், "இன்னும் தெரியல" என்பார். எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

திண்டிவனத்துக்கு வெளியே, பைபாஸ் ஓரம் இருந்த ஒரு என்ஜினியரிங் கல்லூரியில் அவர் சிவில் பாடம் நடத்தினார். நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் செங்கல் சூளை, கும்மிடிப்பூண்டியில் இரும்பு என்று சுற்றிவிட்டு, கடைசியாக ஒரு மேம்பால வேலைக்குத் திண்டிவனம் வந்தேன். வேலை முடிந்து கூட வந்தவர்கள் எல்லாம் ஒரிசாவுக்கு ரயில் ஏறினார்கள். எனக்கு ஏற ரயில் இல்லை. கலவை போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அந்தக் கல்லூரி வாட்ச்மேன் சொன்னார். லேபுக்குப் பக்கத்தில் சிமெண்ட் வைக்கும் அறையில் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மூட்டை மேல் சாக்கு விரித்துப் படுத்தால் மழைக்காலத்தில் குளிர் தெரியாது. காலையில் எழுந்து துப்பினால் சாம்பல் நிறமாக வரும். மற்றபடி குறை இல்லை.

முதல் நாள் அவர் என்னைப் பார்த்து, "வாங்க" என்றார். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். மாணவர்களை, பியூனை, தண்ணீர் கேன் போடுகிறவனை, ஒரு தடவை வெயிலுக்கு லேபில் வந்து படுத்துக்கொண்ட நாயைக்கூட. மரியாதை என்று முதலில் நினைத்தேன். போகப்போக அது ஒரு வேலி மாதிரி என்று புரிந்தது. யாரும் அவரிடம் கிட்டே போக முடியாது. அவரும் யார் கிட்டேயும் வர மாட்டார்.

நாற்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். ஒல்லி. பருத்திப் புடவை. விரல் நுனிகள் மட்டும் எப்போதும் கறுத்திருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களுக்கு அப்படி இருக்கும், நான் பண்ருட்டிப் பக்கம் பார்த்திருக்கிறேன். ஆனால் இவருடையது ஒரு மருந்து பட்டுக் கறுத்தது. உடைத்த கான்கிரீட் மேல் அந்த மருந்தைத் தெளித்தால் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று காட்டிவிடும். உப்பு போன இடம் வெள்ளையாக மாறும். போகாத இடம் பழுப்பாக மாறும். அவருடைய மொத்த வாழ்க்கையும் அந்த வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவில் இருந்தது.

என்ன ஆராய்ச்சி என்று ஒரு நாள் கேட்டேன். என்னிடம் யாரும் அப்படி உட்கார்ந்து சொன்னதில்லை, அவர் சொன்னார்.

"கான்கிரீட்டு கெட்டியா இருக்குதுன்னு நெனைக்கிறோம். உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க. அது வழியாத் தண்ணி போகும், தண்ணியோட உப்பு போகும். போய்க் கம்பியத் தொட்டா கம்பி துரு புடிக்கும். துரு புடிச்சா வீங்கும். வீங்கினா உள்ள இருந்தே வெடிக்கும். கடலோரத்துல வீடுங்க பாத்திருப்பீங்களே, கூரையில கம்பி பல்லை இளிச்சிக்கினு நிக்கும்."

"பாத்திருக்கேன் மேடம்."

"அந்த ஓட்டைய அடைக்கணும்." ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். வெள்ளைப் பவுடர், புகை மாதிரி. மூச்சு விட்டால் பறந்தது. "இதுவும் மணலோட சரக்குதான். மணல எவ்ளோ பொடி பண்ணலாம்னு நீங்க நெனைக்கிறீங்களோ, அதையும் தாண்டிப் பொடி. நானோன்னு சொல்வாங்க. சிமெண்ட்டுல இருக்கிற சுண்ணாம்போட சேந்து பசையாகி ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும்."

"உக்காந்துக்குச்சுன்னா வூடு வெடிக்காதா?"

"இன்னும் தெரியல" என்றார்.

அந்தப் பவுடரை நான் முதல் தடவை மாவு தூவுகிற மாதிரி சிமெண்ட் மேல் தூவினேன். கையைப் பிடித்து நிறுத்தவில்லை, அவர் யாரையும் தொட மாட்டார். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று சத்தம் போட்டார். "கேப்ப மாவக் கொதிக்கிற தண்ணில ஒரேடியாக் கொட்டினா என்னாவும்ங்க?"

"கட்டி தட்டும்."

"இதுவும் அப்படித்தான். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா ஓட்டைய எப்படி அடைக்கும்? தனித்தனியாப் பிரியணும். பிரிஞ்சாத்தான் வேலை செய்யும்."

அதற்காக ஒரு சின்னத் தொட்டி வைத்திருந்தார். தண்ணீரில் பவுடரைப் போட்டு அதற்குள் வைத்தால் தேன்கூடு மாதிரி ரீங்காரம் கேட்கும். அந்த அதிர்வில் கட்டி பிரிந்து தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். அது ஓடும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு டப்பாவையும் அங்கேதான் திறப்பார். ஸ்டாஃப் ரூமில் சிரிப்புச் சத்தம் கேட்கும், இங்கே ரீங்காரம் கேட்கும்.

உடைக்கிற நாட்களில் அவர் வேறு ஆள். கான்கிரீட் க்யூப்பை மெஷினுக்குள் வைத்து அழுத்தம் ஏற்றுவார். முள் ஏறிக்கொண்டே போகும். முதலில் ஒன்றும் கேட்காது. அப்புறம் உள்ளே மல்லாட்டைக் கடலை ஓடு நெரிகிற மாதிரி மெல்லிய சத்தம். பிறகு டம் என்று ஒரு இடி. பையன்களும் பெண்களும் துள்ளுவார்கள். அவர் இமைகூட அசையாது. சரியான கலவை என்றால் நாலு பக்கமும் உதிர்ந்து நடுவில் உடுக்கை மாதிரி ஒன்று மிஞ்சி நிற்கும். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இது நல்ல கலவையா மேடம்?" என்பேன்.

"இது இவ்ளோ தாங்குச்சு. அவ்ளோதாங்க சொல்ல முடியும்."

நல்ல என்ற வார்த்தை அவர் வாயில் வராது. நான் கவனித்துப் பார்த்தேன். வளவனூரிலிருந்து அவர் தம்பி போன் செய்வார். "நல்லா இருக்கியாக்கா?" என்று அவர் கேட்பது எனக்கே கேட்கும். இவர், "இருக்கேன்" என்பார். அதோடு சரி.

லேபில் ஒரு அட்டெண்டர் இருந்தார், பெரியவர், வாய் ஜாஸ்தி. அவர் சொன்ன கதை இது. மேடத்தை ஒரு காலத்தில் பெண் பார்க்க வந்தார்களாம். மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டு, "என்னைப் புடிச்சிருக்கா?" என்று கேட்டானாம். இவர், "இருபத்தெட்டு நாள் போவட்டும், சொல்றேன்" என்றாராம்.

"கான்கிரீட்டு இறுகுறதுக்குத்தான்டா இருபத்தெட்டு நாளு" என்று அட்டெண்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மாப்ள இறுகுறதுக்குமா? அவன் அடுத்த முகூர்த்தத்துல வேற எடத்துல கட்டிக்கினு போயிட்டான்."

உண்மையா என்று தெரியாது. ஆனால் அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான்.

திண்டிவனத்தில் கல்யாண மண்டபம் கட்டிய ஒரு காண்ட்ராக்டர் ஒரு தடவை வந்தார். கழுத்தில் சங்கிலி, கையில் பழப்பை. முதல்வர் அறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு லேபுக்கு வந்தார்.

"மேடம், நம்ம மண்டபம் பூரா நானோ போட்டுத்தான் கட்டியிருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா போர்டுல போட்டுக்குவேன். முதல்வர் சாரும் சொல்லிட்டாரு."

"என்னா போட்டீங்க? எவ்ளோ போட்டீங்க? எப்படிக் கரைச்சீங்க?"

"அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்கினான் மேடம். ஜல்தியா முடிங்க, திறப்பு விழா வருது."

"உடைச்சுப் பாத்தீங்களா?"

"மண்டபத்தையா உடைக்கச் சொல்றீங்க?" என்று அவர் சிரித்தார்.

"ஒரு தூண் போதும்" என்றார் மேடம்.

அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பழப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு லேபுக்கு வரவேண்டிய எதுவும் ஒழுங்காக வரவில்லை. ஜல்லி தீர்ந்தால் நானும் மேடமும் பழைய க்யூப்களைச் சம்மட்டியால் உடைத்துச் சல்லடையில் சலித்தோம். அவர் புகார் சொல்லவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சலித்தார்.

பொங்கலன்று கல்லூரியில் யாரும் இல்லை. எனக்குப் போக ஊர் இல்லை. மேடம் வந்தார். தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிற க்யூப்களில் சிலதை அன்றைக்குத்தான் உடைக்க வேண்டும், நாள் தவறக் கூடாது என்றார். ஒரு கரும்பு வாங்கி வந்திருந்தார். முழங்காலில் வைத்து ஒடித்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினார். அவர் மெஷினுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கடித்தோம்.

"வளவனூர்க் கரும்பா மேடம்? இனிக்குதா?"

"இன்னும் ஒரு கணுவே தாண்டலையே" என்றார்.

அவர் கேலி செய்தாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. சக்கையைத் தாளில் மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு க்யூப்பை எடுத்து வைத்தார். டம். அந்த வளாகத்தில் அன்றைக்குக் கேட்ட ஒரே வெடி அதுதான்.

லேபில் உடைவதில் அவருக்கு ஒரு கட்டத்தில் திருப்தி போய்விட்டது. பவுடர் போட்டது கூடுதலாகத் தாங்குகிறது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அதையே மறுபடி சொல்லி என்ன ஆகப்போகிறது என்பார். நிஜ உப்புத் தண்ணீரில், வெயிலில், வருஷக்கணக்கில் நின்றால் என்ன ஆகும்? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் போதும் என்றார். போதும் என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

எட்டுக் கற்கள் வார்த்தோம். நீளக் கற்கள், கம்பி போடாதது, ஒரு ஆள் தூக்கலாம். நாலில் பவுடர் உண்டு, நாலில் இல்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் பவுடர் போட்ட நாலுக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட்டால் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். இதுதான் அவர் செய்த தப்பு. ஒரு கோடு இழுத்திருந்தால் கதையே வேறு.

டாடா ஏஸில் மரக்காணம் கொண்டுபோனோம். உப்பளக்காரர் ஒருவர் கரையோரம் இடம் கொடுத்திருந்தார். இறக்கும்போது ஒரு கல் டிரைவர் கையிலிருந்து நழுவிச் சிறுபாலத்தின் விளிம்பில் விழுந்து இரண்டாகப் போனது. சிவப்புப் பொட்டு வைத்த கல். டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"உடைஞ்சது உடைஞ்சதுதாங்க. ஓரமா போட்டுடுங்க" என்றார் மேடம். ஒரு பாதி தண்ணீருக்குள் உருண்டது, இன்னொரு பாதி சேற்றில் விழுந்தது. மீதியைச் சேற்றில் நட்டு வரிசையாக நிறுத்தினோம். ஏழு.

எட்டாக இருந்திருந்தால் அது கான்கிரீட்.

கொஞ்ச நாளில் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். காரணம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் ரொம்ப நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சொல்லிக்கொள்ளப் போனபோது, "சரிங்க" என்றார். போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். ஓசூர், மங்களூர், கோவா என்று போனேன். எப்போதாவது அவரே போன் செய்வார். நலம் விசாரிக்க மாட்டார். நேராகக் கற்களைப் பற்றிச் சொல்வார், வேறு யாரிடமும் சொல்ல முடியாத மாதிரி.

"யாரோ மஞ்சள் பூசிட்டாங்க. கழுவிட்டு வந்தேன்" என்றார் ஒரு தடவை.

இன்னொரு தடவை, "எண்ணெய் ஊத்தியிருக்காங்க. 'ஆராய்ச்சிக்கு உரியது, தொடாதீர்'னு போர்டு வச்சிட்டு வந்திருக்கேன்" என்றார்.

அடுத்த தடவை கேட்டேன். "போர்டு இருக்கா மேடம்?"

"இருக்குது. போர்டுக்கும் மஞ்சள் பூசி மாலை போட்டிருக்காங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

திருவக்கரைக்கு அவர் என்னை ஒரு தடவை கூட்டிப்போனது அப்போது ஞாபகம் வந்தது. நான் லேபில் இருந்த காலம் அது. பௌர்ணமி. பஸ்ஸில் இருந்த எல்லோரும் வக்கிரகாளியம்மனுக்கு எலுமிச்சம்பழத்தோடு போனார்கள். இவர் கோயில் பக்கம் திரும்பாமல் கல்மரங்கள் கிடக்கிற பூங்காவுக்கு நடந்தார். மரம் மாதிரியே பட்டையும் கணுவுமாக, ஆனால் கல். ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இது மரமாத்தான் இருந்துச்சு. செத்து மண்ணுக்குள்ள கெடந்துச்சு. மணலோட சத்து தண்ணியில கரைஞ்சு உள்ள போயி ஒவ்வொரு ஓட்டையா நிரப்பிடுச்சு. நான் டப்பாவுல வச்சிருக்கேனே, அந்தச் சரக்குதான்."

"எவ்ளோ நாள் ஆச்சு மேடம் நிரப்ப?"

"அது அவசரமே படல" என்றார்.

கை தன்னால் நீண்டு மரத்தின் வளையங்களைத் தடவியது. காவலாளி விசில் ஊதினார். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் எதையாவது தடவி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சில வருஷம் கழித்து, கல்லூரியில் சிவிலில் யாரும் சேரவில்லை, பிரிவையே மூடுகிறார்கள் என்று ஒரு நாள் போன் வந்தது. நான் அப்போது செங்கல்பட்டில் இருந்தேன். "மெஷினை வித்துட்டாங்க, மாசக் கடைசியில தூக்கிடுவாங்க. அதுக்குள்ள ஏழையும் எடுத்தாந்து உடைக்கணும். இங்க ஆளுங்க யாரும் இல்ல. வர முடியுங்களா?" என்றார். வந்தேன்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். முடி முக்கால்வாசி வெளுத்திருந்தது. விரல்கள் அதே கறுப்பு. தோள்பையில் உளி, சுத்தி, சலூனில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி ஒரு பாட்டிலில் அந்த மருந்து. கொஞ்சம் தள்ளி ஒரு சூட்கேஸ். ரூமைக் காலி செய்துவிட்டதாகவும் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் விழுப்புரம் வழியாக வளவனூர் போவதாகவும் சொன்னார். சூட்கேஸை டீக்கடையில் வைத்துவிட்டு மரக்காணம் பஸ் ஏறினோம். கற்களைத் திருப்பி ஏற்ற அங்கேயே ஒரு வண்டி சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஆடி வெள்ளி. அது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கரையில் உப்பளத்துப் பெண்கள் இருபது முப்பது பேர், கூழ் அண்டாவோடு. ஏழு கற்களும் மஞ்சளில் மினுங்கின. அவர்களில் மூத்தவர் அஞ்சலை, அளத்தில் உப்பு வாருகிறவர், குரல் கடல் காற்றை மீறிக் கேட்கும். மேடத்தைப் பார்த்ததும் கூழ்ச் சொம்போடு வந்தார்.

"வா மேடம். போர்டு வச்ச மேடம்தான? குடி."

மேடம் சொம்பை வாங்காமல் விஷயத்தைச் சொன்னார். அவை கன்னிமார் இல்லை, ஆராய்ச்சிக்கு வைத்தவை, எடுத்துப்போக வந்திருக்கிறோம் என்று வகுப்பு எடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

அஞ்சலை முழுசாகக் கேட்டார். "ஏழு பேரக் கொண்டாந்து தண்ணி ஓரமா நிறுத்தினது நீ. பொட்டு வச்சது நீ. அதுலயும் மூணு பேருக்கு வச்சிட்டு நாலு பேர வெறும் நெத்தியா வுட்டுட்டுப் போயிட்ட. கன்னிப் பொண்ணுங்க வெறும் நெத்தியா நிக்கலாமா? நாங்கதான் எல்லாத்துக்கும் வச்சோம். தண்ணி ஏறி சாஞ்சப்போ புடுங்கி நேரா நட்டதும் நாங்கதான்."

"எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதா?" மேடம் ஏழு பொட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா தங்கச்சிங்க எங்க நின்னா என்னா? இவங்க வந்தப்புறம் உப்பு வார்ற நாள்ல மழையே வந்து கெடுக்கல, தெரியுமா ஒனக்கு?" பிறகு இரண்டு அடி விலகி நின்றார். "ஓம்பொருளு. தூக்கிக்கினு போ. குறுக்க நிக்க மாட்டோம். ஆனா நாங்க கை வைக்க மாட்டோம். நீயே புடுங்கு."

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண் அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய் முதல் கல்லைக் கட்டிப் பிடித்தேன். கை வழுக்கியது. எண்ணெய். முதுகில் அத்தனை கண்களும் படுவது தெரிந்தது.

மேடம் பக்கத்தில் வந்து குந்தினார். விரலால் கல்லைச் சுரண்டி முகர்ந்தார். இன்னொன்றைச் சுரண்டினார். ஏழையும் அப்படியே பார்த்தார். அவர் அவற்றைக் கும்பிடுகிறார் என்றுதான் தூரத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"விட்டுடுங்க" என்றார் என்னிடம்.

"மேடம்?"

"எண்ணெய் உள்ள எறங்கிடுச்சு. உப்பு போகாததுக்குப் பவுடர் காரணமா, இவங்க ஊத்துன எண்ணெய் காரணமா? சொல்ல முடியாது. இனிமே இதுங்க எதுவும் சொல்லாதுங்க."

அறுத்து உள்பாகத்தைப் பார்க்கலாமே என்று எனக்கே தோன்றியது. கேட்கவில்லை. எழுந்தபோது அவர் முழங்காலில் கை ஊன்றித்தான் எழுந்தார். வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினார். கூழ் அகப்பை மறுபடி அசைந்தது.

கிளம்பும்போது அஞ்சலை பின்னாலேயே வந்தார். கரை ஓரத்தில் ஒரு கல்லின் மேல் குதிகாலைத் தேய்த்துச் சேற்றையும் உப்பையும் உரித்தார். "இதுல தேய்ச்சுக் கழுவிக்கினுதான் கன்னிங்ககிட்ட போவோம். கால் வெடிப்புக்குச் சுகமா இருக்கும்" என்றார்.

மேடம் நின்றுவிட்டார். "அந்தக் கல்ல எடுக்கலாங்களா?"

"கால் தேய்க்கிற கல்லு, எடுத்துக்க. வேற போட்டுக்கறோம்."

நான் சேற்றிலிருந்து அதைப் புரட்டினேன். அடிப்பக்கம், சேறு காத்துவைத்திருந்த சிவப்பு வட்டம். எட்டாவது. இத்தனை வருஷமும் அதே தண்ணீர், அதே வெயில். மஞ்சள் இல்லை, எண்ணெய் இல்லை. யாரும் கும்பிடாத கல்.

சிறுபாலத்தின் மேல் வைத்து உளியை நான் பிடித்தேன். அவர் அடித்தார். உளி வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் மூச்சு வாங்கியது, சுத்தியை என்னிடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஈரமில்லாத ஒரு சத்தத்தோடு பிளந்தது. பாட்டிலை எடுத்து மருந்தைத் தெளித்தார். கடல் காற்றில் பாதி என் சட்டையில் விழுந்தது. அந்தக் கறை போகவே இல்லை.

காத்திருந்தோம். ஓரத்தில் மட்டும் நகத்தின் அகலத்துக்கு வெள்ளை வந்தது. அப்புறம் நடுவிலிருந்து பழுப்பு ஏறியது. ஏறி, அந்த வெள்ளைக் கோடு வரைக்கும் வந்து நின்றது. சிறுபாலம் பவுடர் போடாத சாதாக் கான்கிரீட், அதிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து அதன் மேலும் தெளித்தார். அது முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"மேடம், உப்பு போவல!" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"ஒண்ணுதானே" என்றார். "ஒண்ணே ஒண்ண வச்சு யாரும் நம்ப மாட்டாங்க."

"நீங்க நம்புறீங்களா?"

அவர் பிளந்த இரண்டில் ஒன்றை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அஞ்சலை கொண்டுவந்த கூழை இந்தத் தடவை வாங்கிக் குடித்தார். எப்படி இருக்கிறது என்று அஞ்சலை கேட்கவில்லை, நல்லவேளை.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. திண்டிவனத்தில் அவர் விழுப்புரம் பஸ்ஸுக்கு மாற வேண்டும், நான் எந்தப் பஸ்ஸுக்கு என்று முடிவு செய்ய வேண்டும். அவர் முன் சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். பை கனத்ததால் கல்லை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழுப்பு மேலே தெரிந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார். கட்டை விரல் ஒன்று மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தது. இங்கே விசில் ஊத யாரும் இல்லை.

கண்டக்டர் வந்தார். இளைஞன், பேச்சுக்காரன். "என்னா மேடம் அது, கல்லா? மரக்காணத்துல இருந்து எல்லாரும் கருவாடு வாங்கிக்கினு போவாங்க, நீங்க கல்லத் தூக்கிக்கினு போறீங்க?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் கல்லை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு வெளியே உப்பளத்தைப் பார்த்தார்.

"நல்ல கல்லுங்க" என்றார்.

அவர் எதையும் நல்லது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேட்டது நானும் கண்டக்டரும். கண்டக்டர் அதற்குள் சில்லறையை எண்ணிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.